லெப்ட் அவுட்டின் இடது காது

நான் ஒரு நாளும் கால்பந்து ஆடியதில்லை. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். பந்து உயரத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனாலும் எங்கள் கல்லூரி அணியைப் பற்றி என் அளவுக்குப் பேசியவன் அந்த வருடங்களில் ராயபுரத்தில் இருந்திருக்க மாட்டான். அறுபதுகளின் கடைசி. அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா. வீட்டில் அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் நான் வெளியே பேசித் தீர்த்தேன் என்று அம்மா சொல்வாள்.

பேசுவதற்கு எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. ரயில்வே பாலத்தை ஒட்டி ஒரு மலையாளியின் டீக்கடை. மைதானத்தில் பயிற்சி முடிந்து ஆட்டக்காரர்கள் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, வேடிக்கை பார்த்த நாங்கள் எட்டு ஒன்பது பேர் அங்கே போய்ப் பெஞ்சில் உட்காருவோம். எல்லோரும் மாணவர்கள் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் வருவார். பள்ளிக்கூடம்கூட முடிக்காதவர், ஆனால் எங்கள் கல்லூரி அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். அவரை எல்லோரும் நைனா என்போம். வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கடைசியில் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தோம்.

வாதம் எப்போதும் ஒன்றுதான். எங்கள் அணி பந்தை எப்படிக் கொண்டுபோக வேண்டும்? பின்னாலிருந்து நீளமாக ஓரங்களுக்கு அடித்துவிட்டால், லெப்ட் அவுட்டும் ரைட் அவுட்டும் ஓடிப்போய் எடுத்து நடுவில் தூக்கிப் போடுவார்கள், சென்டர் பார்வர்டு தலையால் முட்டுவான். இது என் கட்சி. எனக்கு எதிர்க்கட்சி என் வகுப்பிலேயே படித்த ஒருவன். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருந்தார். அதனால் அவனுக்கு மண்டிக்காரன் என்றே பெயர். நம் பையன்கள் குட்டை, உயரமாக வரும் பந்தை எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டார்கள், தரையோடு தரையாகச் சின்னச் சின்ன பாஸாகத்தான் ஆட வேண்டும் என்பான். டீ கிளாஸ்களைப் பெஞ்சின்மேல் ஆட்டக்காரர்கள் மாதிரி நிறுத்திவைத்து விளக்குவான். இப்போது யோசித்தால் அவன் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் அவனுக்கு வார்த்தை மெதுவாக வரும். எனக்கு வேகமாக வரும். பத்துக்கு எட்டு நாள் நான்தான் ஜெயிப்பேன்.

என் கட்சிக்கு ஆதாரமே எங்கள் லெப்ட் அவுட்தான். திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து வந்தவன். அப்பாவும் அண்ணன்களும் கட்டுமரத்தில் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். இடது கோட்டை ஒட்டியே நிற்பான். பந்து அவனுக்கு முன்னால் விழுந்தால் போதும், மணலில் ஓடிப் பழகிய கால், பிடிக்க ஆள் கிடையாது. அணியில் இருந்ததால் கல்லூரிக்கு அவன் பாதிக் கட்டணம் கட்டினால் போதும். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அப்போது நல்ல கால்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு அங்கேயே வேலை கொடுப்பார்கள். எங்கள் பி.டி. மாஸ்டர் அவர்களிடம் இவனைப் பற்றிச் சொல்லி, அவர்களும் வந்து இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் வேலையில் சேர வரச் சொல்லியிருந்தார்கள்.

வகுப்பில் அவன் என் பக்கத்தில் உட்காருவான். எப்போதும் பெஞ்சின் இடது ஓரம். ஒருநாள் நான் முந்திக்கொண்டு அந்த ஓரத்தில் உட்கார்ந்தபோது, கெஞ்சாத குறையாக என்னை நகரச் சொன்னான். மைதானத்திலும் இடது ஓரம், வகுப்பிலும் இடது ஓரமா என்று கிண்டல் செய்தேன். சிரித்தான், காரணம் சொல்லவில்லை.

காரணம் தெரிந்தது ஒரு லாரியால். இரண்டு பேரும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். இடது பக்கத்திலிருந்து லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவன் வலது பக்கம் திரும்பிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று காலை முன்னால் வைத்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்துவிட்டன. லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். இவன் சாலையோரம் உட்கார்ந்து சொன்னான். சின்ன வயதில் கடலில் கல் மேலிருந்து குதித்துக் குதித்து விளையாடியதில் காதில் சீழ் பிடித்தது. வருடக்கணக்கில் வடிந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இடது காதின் சவ்வு போய்விட்டது, இனி வராது என்றார்கள். வலது காது நன்றாகக் கேட்கும். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது.

“அதுக்குதான் லெப்ட்ல ஆடறேன்” என்றான். “கோலைப் பாத்து ஓடும்போது கிரௌண்டு பூரா எனக்கு ரைட்ல கீது. எவன் கூப்ட்டாலும் நல்ல காதுல வுயும்.”

எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் மிகவும் பிடித்துப்போனது. அவன் முகம் மட்டும் மலரவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார், தொழிற்சாலைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றான். “யாராண்டயும் சொல்லாதே மாமு. எங்க அண்ணனுங்களுக்கே பாதிதான் தெரியும்.” எங்கள் கோயில் இருந்த திசையைக் காட்டி மாதா பேரில் சத்தியம் செய்தேன். அவன் என் மதத்துக்காரன் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தியம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழு மாதம் காப்பாற்றினேன்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் கால் இறுதி ஆட்டத்தில் எங்கள் ரைட் அவுட்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று ஆட்டக்காரனாக இருந்த பையனுக்கு இடது கால்தான் பழக்கம். அதனால் மாஸ்டர் அவனை இடது பக்கம் போட்டு, நம் ஆளை வலது பக்கம் மாற்றிவிட்டார். இரண்டு காலாலும் அடிப்பவன்தானே, எங்கே போட்டால் என்ன என்று அவர் நினைத்தார். அவன் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவான்? ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

அரை இறுதி ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். நாங்கள் டீக்கடைக்காரர்கள் எல்லோரும் வலது கோட்டை ஒட்டி நின்றோம், அவன் பக்கத்தில் இருந்து உற்சாகப்படுத்தலாம் என்று. அப்படி நிற்கச் சொன்னதும் நான்தான். நாங்கள் போட்ட கூச்சல் முழுவதும் அவனுடைய நல்ல காதில் போய் விழுந்திருக்கிறது. மைதானம் இருந்ததோ கேட்காத காதின் பக்கம். எங்கள் கூச்சலும் அவனைக் கெடுத்தது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வேறு எதையோ யோசித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபோது உறைத்தது.

பின்னால் ஆடும் ஹாப் பேக் அவன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுப் பந்தை அடிப்பான். பந்து இவனுக்கு இரண்டடி தள்ளி உருண்டு வெளியே போகும். இவன் அதன் பிறகுதான் திரும்பிப் பார்ப்பான். ஒரு முறை இல்லை, ஐந்தாறு முறை. சென்டர் பார்வர்டு கையை விரித்து இவனைத் திட்டினான். அதுவும் கேட்டிருக்காது. இரண்டாவது பாதியில் பயந்துபோய், பந்து இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு பின்னால் பின்னால் நகர ஆரம்பித்தான். ஓடவே இல்லை. ஒரு கோலில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் யாரோ அவன்மேல் செருப்பை வீசினார்கள். மண்டிக்காரன் அவனுக்கு நேராகவே போய், இவ்வளவு திமிர் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தைவிட்டுப் போனான். நான் அவன் பின்னால் போயிருக்கலாம். போகாமல் டீக்கடைக்குப் போனேன்.

கடையில் அன்று இடம் இல்லை. பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமாக வராதவர்களும் நாலைந்து பேர். மண்டிக்காரன் அன்றைக்கு என்னைவிட வேகமாகப் பேசினான். ஓரத்துக்கு அடித்த பந்து எத்தனை வீணாகப் போயிற்று என்று விரல் விட்டு எண்ணினான். நீளப் பாஸ் கட்சி இன்றோடு செத்தது என்றான். பிறகு லெப்ட் அவுட்டைப் பிடித்துக்கொண்டான். இடத்தை மாற்றியதில் அவனுக்கு ரோஷம், வேண்டுமென்றே பந்தை விட்டான், தொழிற்சாலை வேலைதான் உறுதியாகிவிட்டதே, கல்லூரிக்காக எதற்குக் காலை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துவிட்டான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை. மைதானம் மேடு பள்ளம் என்றேன், காற்று என்றேன். சிரித்தார்கள்.

நைனா கிளாஸைக் கீழே வைத்தார். “இன்னாபா, இன்னிக்கு உன் கட்சி ஊத்திக்கிச்சா? அவ்ளோதானா உன் பேச்சு?”

“அவனுக்கு லெப்ட் காது கேக்காது” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மண்டிக்காரன் வைத்திருந்த கிளாஸ்களை என் பக்கம் இழுத்து, இடது பக்கம் ஆடும்போது எந்தக் காது உள்ளே இருக்கும், வலது பக்கம் ஆடும்போது எந்தக் காது உள்ளே இருக்கும் என்று நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். லாரி விஷயத்தைச் சொன்னேன். சீழ் வடிந்ததைச் சொன்னேன். அதனால் தப்பு நீளப் பாஸில் இல்லை, ஆளை மாற்றியதில்தான் இருக்கிறது என்று முடித்தேன். நைனா தலையை ஆட்டி, நான் சொல்வதுதான் சரி என்றார்.

நண்பனைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவனை அவர்கள் திட்டியபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது அதனால் இல்லை, நான் தோற்றுக்கொண்டிருந்ததால். நைனா தலையாட்டியபோது என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மண்டிக்காரன்தான் முதலில் பேசினான். மற்ற நாளெல்லாம் எங்களைப் போலவே மெட்ராஸ் தமிழ் பேசுபவன், மனசு கலங்கினால் வீட்டுத் தமிழுக்குப் போய்விடுவான். “இத நீ சொல்லியிருக்கக் கூடாதுல” என்றான் மெதுவாக. பிறகு எல்லோரையும் பார்த்து, இது இந்தக் கடையைத் தாண்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். எல்லோரும் சரி என்றார்கள். கடையில் அப்போது பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள்.

அடுத்த வாரமே மைதானத்தில் ‘டமாரம்’ என்று காது கேட்காதவனைக் கேலி செய்யும் ஒரு குரல் கேட்டது. லெப்ட் அவுட்டின் இடது பக்கத்திலிருந்து ஒருவன் கைதட்டிப் பார்த்துச் சிரித்தான். மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் அணியில் அவனுக்கு அதற்குமேல் ஆட்டம் இல்லை. தொழிற்சாலை மட்டும் இருந்தது. அங்கே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். என்.சி.சி.யில் சேரும்போது டாக்டர் எதிரில் நின்று கேட்ட கேள்விகளுக்கு வலது காதை வைத்தே பதில் சொல்லித் தப்பித்தவன் அவன். இங்கேயும் அப்படித் தப்பித்துவிடலாம் என்றிருந்தான்.

பரீட்சைக்கு முன்பே தொழிற்சாலையில் வைத்தியப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அது முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றே பேசினான்.

“உள்ள நுயஞ்சதும், எந்தக் காதுன்னு டாக்டரு கேட்டாரு மாமு. சட்டையக் கூட கழட்டல. எந்தக் காதுன்னாரு.”

வலது காதைக் கையால் மூடி, இடது காதில் கைக்கடிகாரத்தை வைத்துக் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இயந்திரங்களுக்கு நடுவே ஒரு காதோடு வேலை செய்ய முடியாது, ஆபத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. யார் அவர்களிடம் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில் நின்ற பதினைந்து பேரில் ஒருவருக்கு அங்கே சொந்தக்காரர் இருந்திருக்கலாம். அது யாராக இருந்தாலும் முதலில் சொன்னது நான்.

“நீ யார்ட்டயாவது சொன்னியா?” என்று கேட்டான். சந்தேகத்தோடு கேட்கவில்லை. கேட்டுவிட வேண்டுமே என்பதற்காகக் கேட்டான்.

“இல்லையே” என்றேன்.

“எனக்குத் தெரியும். அப்ப அந்த மண்டிக்காரன்தான். அன்னிக்கு கிரௌண்டுல எவ்ளோ பேர் முன்னால பேசினான்.”

நான் சும்மா இருந்திருந்தால்கூட ஒரு பொய்யோடு போயிருக்கும். “அவன் நமக்குப் பின்னாடி பெஞ்சுதானே” என்றேன். “கவனிச்சிருப்பான்.”

அவன் திரும்பி நடந்தான். எங்கே போகிறான் என்று தெரிந்து நானும் பின்னால் ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று நினைக்கிறேன். மண்டி பத்து நிமிட நடை. பகல் வேளை. உள்ளே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், மிளகாய் நெடியில் கண் எரிந்தது. நான் வாசலில் நின்ற கைவண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அவன் உள்ளே போய், மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டிக்காரனின் காலரைப் பிடித்தான்.

“என் பொயப்புல மண்ணப் போட்டியேடா. நான் உனக்கு இன்னாடா பண்ணேன்?”

மூட்டை தூக்குகிறவர்கள் அப்படியே நின்றார்கள். கல்லாவிலிருந்து அவன் அப்பா எழுந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி, குரலை உயர்த்தாத மனிதர். என்ன விஷயம் என்று கேட்டார். லெப்ட் அவுட் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். தன் காதைப் பற்றி அத்தனை பேர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அப்பா மகனைப் பார்த்து, நீ சொன்னியா என்றார்.

மண்டிக்காரன், அப்பாவின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தான். நான் கைவண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் கண்கள் சந்தித்தன. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குப் போதுமான நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா கூலிக்காரர்கள் முன்னால் அவனைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு லெப்ட் அவுட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

அன்று சாயங்காலம் மண்டிக்காரன் சைக்கிளில் வருவதைப் பார்த்து வழியில் நிறுத்தினேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“அவனுக்கு வேலை போச்சு. கூட்டாளின்னு இருக்கது நீ ஒருத்தன். அதுவும் போணுமா?” என்றான். பெடலில் காலை வைத்துக்கொண்டே, “நீயா வாயத் தொறப்பேன்னுதான் பாத்தேன்” என்றான். போய்விட்டான்.

அதன் பிறகு நான் டீக்கடைக்குப் போகவில்லை. பரீட்சை வந்தது ஒரு நல்ல சாக்காக இருந்தது. லெப்ட் அவுட் பரீட்சை எழுதவில்லை. நானும் அவன் அண்ணனும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. அந்த வருடப் பெரிய வியாழனுக்கு முன்னால் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பூசைக்குப் போகாதது, அம்மாவை எதிர்த்துப் பேசியது, சினிமாவுக்குப் பொய் சொல்லிப் போனது என்று வரிசையாகச் சொல்லி, நடுவில் ‘பிறரைப் பற்றிப் பேசினேன்’ என்று அதையும் சேர்த்துவிட்டேன். சாமியார் வழக்கமான ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். வெளியே வந்தபோது உள்ளே போனதைவிட மோசமாக இருந்தது. கடவுளிடமும் சாமர்த்தியமாகப் பேசி ஜெயித்துவிட்டு வந்ததாகத் தோன்றியது.

எனக்குத் துறைமுகத்திலேயே அப்பாவின் வேலையைப் போன்ற ஒரு வேலை கிடைத்தது. அவன் இரண்டு வருடம் அண்ணன்களோடு கடலுக்குப் போனான். பிறகு காசிமேட்டில் ஓர் ஐஸ் பாக்டரியில் சேர்ந்தான், கொஞ்சம் படித்தவன் என்பதால் சீக்கிரமே அங்கே மேஸ்திரி ஆனான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவான். என் அம்மா செய்யும் மீன் குழம்பை அவன் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லிச் சாப்பிடுவான். கால்பந்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவன் சிரித்த ஒவ்வொரு முறையும் இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்படி ஐந்து வருடம் ஓடியது.

அவனுக்குத் திருவொற்றியூரில் கல்யாணம் நடந்தது. மண்டிக்காரனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பந்தலில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெண்ணின் முன்னால் நிறுத்தினான்.

“நான் சொல்லுவேனே, அது இவன்தான். என் காது மேட்டரு தெரிஞ்ச அன்னியிலேர்ந்து ஒர்த்தராண்ட மூச்சு வுட்டதில்ல.”

அந்தப் பெண் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். புதுப்புடவை, கழுத்து நிறைய மாலை. அவள் கும்பிட்டதற்கு நான் பதில் வணக்கம் சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் ஒன்று வந்தது. எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஐஸ் பாக்டரிக்குப் போனேன். மத்தியானம். அவன் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். புது மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு. என்னையும் சாப்பிடச் சொன்னான். நீ முதலில் சாப்பிடு என்று காத்திருந்து, அவன் கை கழுவியதும் சொன்னேன். டீக்கடையை, நைனா கேட்டதை, நான் கிளாஸ்களை நகர்த்திக் காட்டியதை, நைனா தலையாட்டியதும் எனக்கு சந்தோஷமாக இருந்ததை. வாசலில் நின்று நான் சொன்ன பொய்யை. மண்டிக்காரன் அந்தக் கூட்டத்தில் யாருமே வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். பேச்சு எனக்கு வேகமாக வரும் என்றேன் அல்லவா, அன்றைக்கு வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகத் தேடித்தேடிச் சொன்னேன்.

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் தரையில் கரைந்துகொண்டிருந்த ஐஸ் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அவங்கப்பா அவன அடிச்சப்போ நீ பாத்துக்கினு இருந்தியா?”

“ஆமா.”

தூக்குச்சட்டியை மூடினான். வேலை நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அன்று மாலையே அவன் மண்டிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மண்டிக்காரனின் அப்பா அதற்குள் படுத்த படுக்கையாகியிருந்தார். மண்டியை மகன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடையை மூடும்வரை இவன் அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், உங்க மகன் மேல தப்பு இல்லை என்று சொன்னானாம். பெரியவருக்கு அது புரிந்ததா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதற்கடுத்த மாதம் அவர் இறந்தபோது, பாடையைத் தூக்கியவர்களில் இவனும் ஒருவன். நான் தெருமுனையில் நின்று பார்த்தேன்.

என் வீட்டுக்கு அவன் வருவது நின்றுவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒருநாள் துறைமுக வாசலில் எனக்காகக் காத்திருந்தான். மகள் பிறந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம் என்றான்.

“நீங்க அம்மாவக் கூட்டிக்கினு வரணும்” என்றான்.

முதலில் அம்மாவையும் சேர்த்துச் சொல்வதாகத்தான் நினைத்தேன். பிறகு நான் ஏதோ கேட்டபோது, “உங்களுக்கு லீவு கெடைக்குமா?” என்றான். முகத்தில் கோபம் இல்லை. நல்ல மரியாதையாகத்தான் பேசினான். பதினேழு வயதிலிருந்து என்னை வாடா போடா என்றும் மாமு என்றும் கூப்பிட்டவன். அவன் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவோடு போனேன். மண்டிக்காரன் வந்திருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். என் இலைக்கு வந்தபோது சாம்பார் போதுமா என்று கேட்டான், போதும் என்றேன். குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு, அப்பனை மாதிரியே கால் நீளம் என்றாள். அவன் மனைவி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவளுக்கும் சொல்லியிருப்பான்.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம்வரை அவன் வந்தான். அம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தான். பஸ் வந்ததும் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, என்னைப் பார்த்து, “பாத்துப் போங்க” என்றான்.